சீவிய டயர்

டயர் கடையில் அவருக்கு ‘அளவுகோல்’ என்றுதான் பெயர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டயரின் பள்ளத்தை அளக்கும் குச்சி இருக்கும். விருந்துக்குப் போனாலும் வாசலில் நிற்கிற கார்களை அளந்துவிட்டுத்தான் உள்ளே போவார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு பத்தடி முன்னால் நடப்பாள்.

நாலு சக்கரத்துக்கும் எஞ்சினின் இழுவை போகிற வண்டிக்கு ஒற்றைப் புது டயரை அப்படியே மாட்டமாட்டார். “மூணு தேஞ்சது, ஒண்ணு புதுசுன்னா உள்ள பல்சக்கரமெல்லாம் மல்லுக்கட்டும். நாலையும் மாத்துங்க, இல்லேன்னா புதுசைச் சீவி மத்ததுக்குச் சமமாக்கித் தர்றேன்” என்பார். புது டயரைச் சீவுவதா என்று பாதிப் பேர் ஓட்டம் பிடிப்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த முதலாளி அன்று காலையில் கறாராகச் சொல்லிவிட்டார். “இனி ஒருத்தர் டயர் மாத்தாம இங்கிருந்து போனாலும், நீயும் கூடவே போயிடு.” ஐம்பத்து மூன்று வயதில் எங்கே போவது?

பதினோரு மணிக்குப் பல் டாக்டரம்மா வந்தார். அந்த மாதிரி வண்டிதான். மூன்று டயர் பரவாயில்லை, ஒன்று வழுக்கை. அளவுகோலின் விளக்கத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, “சீவியே போடுங்க” என்றார். அளவுகோலுக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. நாலையும் அளந்து, அதனதன் மேல் சாக்பீஸால் பள்ளத்தின் அளவை எழுதினார். அந்த வண்டிக்குப் பொருந்துகிற புது டயர் கடையில் ஒன்றுதான் இருந்தது. அதை மெஷினில் ஏற்றி, ரப்பர் சுருள் சுருளாய் விழ, ரசித்து ரசித்துச் சீவினார்.

வண்டியில் மாட்டி நட்டு முறுக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை அளந்தார். பள்ளம் ரெண்டே மில்லிமீட்டர். பாவி மனுஷன், மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த வழுக்கை டயரின் அளவைப் பார்த்தல்லவா சீவியிருக்கிறார்! கழற்றியதும் மாட்டியதும் இப்போது இரட்டைப் பிள்ளைகள்.

டாக்டரம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது? வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும். அவர் முறுக்கிய நட்டை மறுபடி கழற்றினார்.

“தப்பான அளவுக்குச் சீவிட்டேன்மா. மழையில வழுக்கும். வேற டயர் நாளைக்குத்தான் வரும். பழசையே மாட்டித் தர்றேன், காசு வேணாம், மெதுவா வீட்டுக்குப் போங்க.”

முதலாளி எழுந்து வந்தார். “கேட்டீங்களாம்மா? இந்த ஆளை வச்சுக்கிட்டு...”

பழைய டயர் மாட்டி முடிந்ததும் டாக்டரம்மா சாவியை வாங்கிக்கொண்டார். “போன வாரம் நான் ஒருத்தருக்கு நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன். அதை அவர்கிட்ட சொல்ல எனக்கு ரெண்டு நாளாச்சு” என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். “நாளைக்கு வர்றேன். இவர் இருப்பார்ல?”

முதலாளி சீவிய டயரைப் பார்த்தார். அளவுகோலைப் பார்த்தார்.

“இருப்பாரு” என்றார்.