மர டப்பா இல்லாத பதினாறு நாட்கள்

அடுத்தவர் வீட்டுச் சமையலறை அலமாரிக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரிடம் பிடிபட்டேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அமெரிக்காவில், ஆலன் என்ற ஊரில் சொந்த வீடு, பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் உத்தியோகம், குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் எழுந்து நின்று ஒழுங்குமுறை பேசுகிறவன் என்ற பெயர் எல்லாம் உண்டு. நான் தேடியது ஒரு டிபன் டப்பாவை.

வெறும் டப்பா என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்கும். ஜப்பானில் கையால் செய்தது. தேவதாரு வகை மரத்தை மெல்லிய பட்டையாகச் சீவி, வெந்நீரில் போட்டு இளக்கி, வட்டமாக வளைத்து, இரண்டு முனையும் சேரும் இடத்தைச் செர்ரி மரப்பட்டையால் தைத்திருப்பார்கள். ஆணி கிடையாது, வார்னிஷ் கிடையாது. சூடான சோற்றை வைத்தால் மரம் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும்; மத்தியானம் திறக்கும்போது சோறு வேர்த்துக் குழையாமல் பொலபொலவென்று இருக்கும். இதெல்லாம் வீடியோ பார்த்துப் பெற்ற ஞானம். கைவேலை என்று நான் வாழ்க்கையில் செய்தது கீபோர்டைத் தட்டியது மட்டும்தான். அதனாலோ என்னவோ, யாரோ ஒரு பெரியவர் மரத்தை வளைப்பதை நாற்பது நிமிடம் பார்த்தால் நானே வளைத்த மாதிரி களைப்பும் திருப்தியும் வந்துவிடும்.

அதற்கு முன்பே, ஒற்றை மூங்கிலை இழை இழையாகப் பிளந்து செய்த டீ கலக்கி ஒன்றை வாங்கியிருந்தேன். மனைவி அதை வைத்து மிக்ஸி ஜாரின் அடியைத் தேய்த்துக் கழுவினாள். "நல்லா போகுதுப்பா, இன்னொண்ணு வாங்கு" என்று பாராட்டும் வந்தது. ஆகவே டப்பாவுக்குச் சட்டம் போட்டேன். சோப்பு கூடாது, ஊறவைக்கக் கூடாது, மைக்ரோவேவ் கூடாது, டிஷ்வாஷர் என்ற சொல்லை அதன் காதில் விழும்படி உச்சரிக்கவே கூடாது.

அப்பேர்ப்பட்ட பொருளை நானே தூக்கி வெளியே கொடுத்தேன்.

எங்களுக்கு நான்கு வீடு தள்ளி, நியூ ஜெர்சியிலிருந்து ஒரு கோயம்புத்தூர்த் தம்பதி குடிவந்தார்கள். ஆட்கள் விமானத்தில் வந்துவிட்டார்கள். சாமான் ஏற்றிய லாரி வரவில்லை. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு முதல் நாள் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொடுப்பதுதான் முறை. மனைவி எலுமிச்சைச் சாதம் கிளறி, காலியான தயிர் டப்பா ஒன்றில் போடப் போனாள்.

"இரு, இரு. மர டப்பால குடுக்கலாம்."

"எது, அந்தத் தொடக்கூடாத டப்பாலயா? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் டப்பாவைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், நான் அடக்கமாகச் சிரித்துவிட்டு மரத்திலிருந்து அதன் கதையை ஆரம்பிக்கலாம் என்று திட்டம். மஞ்சள் கறை படாமலிருக்க உள்ளே வாழையிலை வெட்டி விரித்தேன். கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் ஒரு கையில் போன். லாரிக் கம்பெனியோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. "ரொம்ப தேங்க்ஸுங்ணா" என்று மறு கையால் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் திரும்பி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ ஏதோ விளக்கிக்கொண்டிருப்பார்கள். என் கண் முன்னால் டப்பா சிங்க்கில் சோப்பு நுரைக்குள் குப்புறக் கிடக்கும், தையல் ஒவ்வொன்றாகப் பிரியும். தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து நடப்பேன். வீட்டுக்கு வந்தும் நடந்தேன். குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கும் சாக்கில் நான்கு வீடு தள்ளிப் போய், அவர்களுடைய தொட்டியின் மூடியையும் லேசாகத் தூக்கிப் பார்த்தேன்.

"நேரா கேக்க வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"குடுத்த டப்பாவக் கேட்டா அல்பம்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டுமே. கரெக்டாத்தானே நினைப்பாங்க?"

கேட்கவில்லை. அதற்குப் பதில் உதவி செய்யப் போனேன். குப்பை வண்டி என்று வரும் என்று சொல்ல ஒரு நாள். கறிவேப்பிலைக் கன்றோடு ஒரு நாள். அவர்கள் கேட்காத எக்ஸ்டென்ஷன் கார்டோடு ஒரு நாள். ஒவ்வொரு முறையும் மணியடித்ததும் உள்ளே யாரோ தடதடவென்று ஓடும் சத்தம். அப்புறம்தான் கதவு திறக்கும். அந்தப் பெண் "வாங்ணா" என்பார், ஆனால் வாசலை மறித்துக்கொண்டே நிற்பார். முகத்தில் ஒரு திருட்டுக் களை. உடைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன்.

பதினான்காம் நாள், சனிக்கிழமை, வைஃபை வரவில்லை என்று அவர் கணவரே என்னைக் கூப்பிட்டார். அவர் மனைவி கடைக்குப் போயிருந்தார். நான் பெட்டியை அணைத்துப் போட்டேன், வேலை செய்தது. உடனே அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார், ஆபீஸ் காலாம். சமையலறை மூன்றே எட்டு தூரம். முதல் அலமாரியில் பேப்பர் தட்டு. இரண்டாவது காலி. மூன்றாவதில் பிரெட்டும் ஒரு ஊறுகாய் பாட்டிலும். நான்காவதில் தலையை விட்டேன்.

"அண்ணா? எதாச்சும் தேடறீங்களா?"

"டம்ளர்... தண்ணி குடிக்கலாம்னு..."

அவர் என் முழங்கைப் பக்கம் கை காட்டினார். அங்கே பேப்பர் கப்புகள் ஒரு முழ உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மூன்று கப் தண்ணீர் குடித்தேன். ஆபீஸ் காலை மியூட்டில் போட்டுவிட்டு, மூன்றையும் குடித்து முடிக்கும்வரை அவர் நின்று பார்த்தார்.

பதினாறாம் நாள் மாலை இருவருமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். திறந்தால் சுடச்சுட அரிசிபருப்பு சாதம், நெய் வாசனையோடு. அடியில் அவர்களும் இலை விரித்திருந்தார்கள். சாதத்தை அவசரமாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி, டப்பாவை விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரிசல் இல்லை. கறை இல்லை. ஒரு தையல்கூட விடவில்லை.

"வெறும் டப்பாவ எப்படிங்ணா திருப்பித் தர்றது?" என்றார் அந்தப் பெண். "லாரி வழியில ஓக்லஹோமால நின்னுபோச்சுங்க, நேத்துத்தான் வந்துச்சு. அது வரைக்கும் ஒரு குக்கர் இல்ல, கரண்டி இல்ல. இதப் பாத்தாலே பயமா இருந்துச்சு, ஒடஞ்சுகிடஞ்சு போச்சுன்னா என்ன சொல்றதுன்னு. துணியச் சுத்தி பெட்ரூம் க்ளாசெட்ல மேல வெச்சுட்டேன். நீங்க பெல் அடிக்கறப்பல்லாம் டப்பா கேட்டுத்தான் வந்திருக்கீங்கன்னு இவரு ஓடிப்போயி ஃப்ரிட்ஜத் தொறந்து பாப்பாருங்க, போட்டுக் குடுக்கறதுக்கு எதாச்சும் இருக்குதான்னு. கெச்சப்தானுங்க இருக்கும்."

"அன்னைக்கு அலமாரியில பாத்தப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்ணா," என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி. "அதான் லாரி வந்த ஒடனே மொதல் வேலையா குக்கர் பெட்டியப் பிரிச்சோம்."

என் மனைவி ஏதோ எடுக்கப் போவதுபோல உள்ளே போனாள். அவள் சிரிப்பது ஹாலுக்குக் கேட்டது. பதினாறு நாளும் நாங்கள் மூன்று பேர், இரண்டு வீட்டில், ஒரே டப்பாவுக்காக நிம்மதியில்லாமல் இருந்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர்கள் கிளம்பும்வரை டப்பாவைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கணவரும் நானும் மாலையில் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். ஒரு மாதம் கழித்து, எங்கள் குடியிருப்பின் குளத்தைச் சுற்றும்போது, ஒருவழியாக நான் அந்த டப்பாவின் பெருமையை ஆரம்பித்தேன். மரம் வெட்டுவதில் தொடங்கித் தையல் முடிய இரண்டு சுற்று. இடையில் ஒரு முறைகூடக் குறுக்கிடாமல் கேட்டார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார் கடைசியில். "அன்னைக்கு லெமன் ரைஸ்ல ஒரே மர வாசனைங்க. பென்சில் சீவிப் போட்ட மாதிரி. நாங்க பீட்சா சொல்லிட்டோம்."