வெயிலில் ஒரு மயில், நிழலில் ஒரு மயில்

அந்த இரண்டு சிவப்பு வெல்வெட் குஷன்களையும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்துவிட்டார். காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியவள், பழைய துணிக்கலைக் கண்காட்சி என்ற போர்டைப் பார்த்துச் சும்மா நுழைந்தேன். ஒவ்வொரு குஷனிலும் தங்க ஜரிகையில் ஒரு மயில். என்னோடு பட்டறையில் இருந்த பாயின் கைவேலை! அப்புறம்தான் கீழே இருந்த அட்டையைப் படித்தேன். கருஞ்சிவப்பில் இருப்பது அசலாம். வெளிர்சிவப்பில் இருப்பது பிற்காலத்தில் வேறு யாரோ அதைப் பார்த்துச் செய்த நகலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்ன நகல்? இரண்டையும் ஒரே துணியில் வெட்டியவள் நான். அந்தக் காலத்தில் கோட்டைமேட்டில் ஒரு பட்டறையில் நான் துணி வெட்டுவேன், பாய் ஜரிகை வேலை செய்வார். காங்கேயத்துக் கல்யாணம் ஒன்றுக்கு, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் நாற்காலிகளுக்கு முதுகுக் குஷன் கேட்டிருந்தார்கள். வெல்வெட்டின் மெல்லிய முடி ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். அது மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும், கீழ்நோக்கி இருந்தால் வெளுத்துப் பளபளக்கும். வெட்டும் முன் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். எனக்கு அது தெரியும். இருந்தும் வாயடித்துக்கொண்டே இரண்டாவதைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். மேல்பக்கம் வளைத்து வெட்டியாயிற்று, திருப்பிப் போட வழியில்லை. அதே துணி வேறு எங்கும் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு நாலே நாள்.

“ஏன் அம்மணி, கண்ணை ஊட்டுல கழட்டி வெச்சுப்போட்டு வந்தியா?” என்றார் பாய். அவ்வளவுதான் திட்டினார். ஆனால் முதலாளி வந்து கத்தியபோது, என் வேலை போகப்போகிறது என்று நான் நிற்க, பாய் குறுக்கே வந்தார். “நாந்தானுங்க அப்படி வெட்டச் சொன்னேன். ஒரு மயிலு வெயில்ல நிக்குது, ஒண்ணு நெழல்ல நிக்குது. முடிச்சதும் பாருங்க.” சொன்னபடியே வெளிறிய குஷனில் மயிலுக்கு மேலே ஒரு சூரியன் வைத்தார், கறுத்த குஷனில் ஒரு மரக்கிளை. கல்யாண வீடே அசந்துபோனது. அதற்கப்புறம் நான் கத்தரியை எடுக்கும்போதெல்லாம் “தடவிப் பாத்தியா?” என்று கேட்டே என் உயிரை வாங்கினார்.

பாய் இன்று இல்லை. என் தப்புக்காக அவர் வேலையைப் போலி என்று எழுதி வைத்தால் விடுவேனா? பொறுப்பாளரைக் கூப்பிடச் சொன்னேன். சின்னப் பெண் ஒருத்தி வந்தாள்.

“நீங்க யாருங்க?”

“இதைத் தப்பா வெட்டுனவ. பெட்டியைத் தொறந்து ஒண்ணைத் தலைகீழா வெய்யி. நெறம் ஒண்ணாகலைன்னா என்னையப் போலீசுல புடிச்சுக் குடு.”

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் கையுறை மாட்டிக்கொண்டு வெளிறிய குஷனைத் திருப்பி வைத்தாள். இரண்டும் ஒரே சிவப்பு! காவலாளி கைதட்டியே விட்டார்.

“அப்ப இப்படியே வெச்சரலாமுங்களா?”

“மயிலு தலைகீழா நிக்குது, கண்ணை ஊட்டுல வெச்சுப்போட்டு வந்தியா?”

சிரித்துக்கொண்டே பழையபடி வைத்தாள். அட்டையை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். இரண்டும் ஒருவர் கைவேலை என்று பாய் பெயரைப் போட்டாள். வெட்டியவர் என்று என் பெயரும் வேண்டும் என்றாள். தப்பாக வெட்டியவர் என்று போடச் சொன்னேன். தயங்கினாள். அவள் எழுதும்வரை நான் நகரவில்லை.

பெட்டியை மூடப் போனார்கள். கையை உள்ளே விட்டேன். “தொடக் கூடாதுங்க” என்று காவலாளி கத்தினார். கத்தட்டும். அன்றைக்கு வெட்டும் முன் தடவாமல் விட்ட அந்த வெளிறிய குஷனை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக ஒருமுறை தடவிப் பார்த்தேன்.