சைபருக்கு மேல் குந்தியிருந்த பிள்ளையார்

அந்தக் கார் எவ்வளவுக்குப் போனது என்று கேட்க உங்களுக்கு வெட்கமில்லையா? இத்தனை வருடம் கழிந்த பிறகும் கலியாண வீட்டில் சோற்றுத் தட்டோடு வந்து என் காதுக்குள் அதைத்தான் கேட்கிறீர்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒருவராவது கேட்டதில்லை. விலையைச் சொல்லமாட்டேன். அது எப்படி ஏறி இறங்கியது என்பதை மட்டும் எழுதுகிறேன். வாசித்துவிட்டுப் பேசாமல் சாப்பிடுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இங்கிலீசுக்காரரின் நாட்டில், கோலியர்ஸ் வுட் என்ற ஊரில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கராஜ், அதற்குள் என் கணவரின் அமெரிக்கக் கார். அவர் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தபோது, அங்கே வழக்கமாக வருகிற ஒரு வெள்ளைக்காரர் நாட்டை விட்டுப் போகிற அவசரத்தில் மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனது. ஸ்டியரிங் இடது பக்கம். எஞ்சினைப் போட்டால் எங்கள் அலுமாரிக் கோப்பைகள் நடுங்கும். அது பெற்றோல் குடித்த மாதிரி என் மாமனார் கள்ளுக்கூடக் குடித்ததில்லை.

எனக்கு அந்தக் கராஜ் வேண்டும். மிளகாய் வறுத்துத் தூளாக்கி விற்றுக்கொண்டிருந்தேன். குசினியில் வறுக்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தும்மித் தும்மிக் கவுன்சிலுக்கு எழுதிப்போட்டார். இரண்டாவது கடிதத்தோடு என் வியாபாரம் படுத்துவிட்டது. அதே மனிதர், கார்ப் புகை என்றால் கண்ணை மூடி மோந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு மேலால் எட்டி, அதை ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்வார். ஆகவே கார் போகவேண்டும், போகிற விலையில் அரைக்கிற மெஷின் ஒன்றும் வரவேண்டும் என்று இவரைப் பிடித்து நெருக்கினேன்.

விளம்பரம் போட்டோம். சட்டன் என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தார். இப்படியான பழைய கார்களைத் தேடிச் சேர்க்கிறவர். பெண் பார்க்க வந்தவர் போலக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எழுபதாம் வருட மொடல் என்றால் நல்ல விலையாம். அதற்குப் பிறகு அமெரிக்காவில் சட்டமும் இன்சூரன்சும் நெருக்க, எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிட்டார்களாம். எங்கள் காரின் பதிவுப் புத்தகம், அந்த லொக்புக்கில், எழுபத்திரண்டு என்று இருந்தது. அதைப் பார்த்து அவர் சொன்ன விலைக்கு அம்மிதான் வாங்கலாம்.

"ரெண்டு வயசு மூப்பெண்டால் விலை கூடுமோ? எனக்கும் ஒருக்கா விலை கேட்டுப் பாருங்கோ," என்றேன். இவர் அதை இங்கிலீசில் சொல்லவில்லை.

லொக்புக்கில் இருந்தது கார் இந்த நாட்டில் பதிந்த வருடம் மட்டும்தான் என்று வந்தவரே சொன்னார். எங்களுக்கு இது புதிதா? என் கணவரே பாஸ்போர்ட்டில் இரண்டு வயது இளையவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பன் குறைத்துச் சொல்லிவிட்டார். சரியான வயதுக்குச் சாதகத்தைத்தான் பார்க்கவேண்டும். காருக்கும் சாதகம் உண்டாம். முன் கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் ஒரு சின்னத் தகடு. அதிலுள்ள இலக்கங்களில் ஒன்று மொடல் வருடத்தைச் சொல்லும். எழுபது என்றால் அந்த இடத்தில் சைபர் இருக்கும்.

வந்தவர் கண்ணாடிக்கு வெளியே நின்று குனிந்து பார்த்தார். உள்ளேயிருந்து பிள்ளையார் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

கார் வந்த அன்று தேங்காய் உடைத்து, டயருக்குக் கீழே தேசிக்காய் நசித்து, பிள்ளையாரை வைக்கச் சமமான இடம் தேடினோம். அந்தத் தகடு அவருக்கென்றே செய்தது போல இருந்தது. இவர் பசை போட்டு ஒட்டினார். நான் வெள்ளிக்கிழமை தோறும் சுற்றிவரச் சந்தனம் அப்பினேன். வந்தவர் மரியாதையான மனிதர், மற்றவர்களின் சாமியில் கைவைக்கமாட்டாராம். இலக்கத்தைக் காணாமல் விலையையும் ஏற்றமாட்டாராம்.

"பிள்ளையாரைக் கிளப்பிறது பாவமப்பா. சொன்ன விலைக்கே குடுத்துவிடுவம்," என்று இவர் என் காதில் சொன்னார்.

"அவர் குந்தியிருக்கிறது என்ர மெஷினுக்கு மேல. கொஞ்சம் எழும்பச் சொல்லுறன்," என்றேன்.

குசினிக் கத்தியை எடுத்து வந்தேன். பிள்ளையாரின் அடியில் நல்லெண்ணெய் விட்டேன். என் தலையில் மூன்று குட்டுக் குட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நெம்பினேன். டக்கென்று எழும்பினார். சந்தனத்தை நகத்தால் சுரண்ட, இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் சைபர். வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். பிறகு பொனெற்றைத் திறந்து எஞ்சின் நம்பரையும் பார்த்தார். பிறந்தபோது இருந்த அதே எஞ்சின். அந்த வருடத்தில் அந்த எஞ்சினோடு வந்தவை கொஞ்சமாம். விலை ஏறியது. மெஷின் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அவர் டிக்கியில் கிடந்த கார்ப்பெற்றைத் தூக்கினார். வெளியே வெள்ளையான கார், கார்ப்பெற்றுக்குக் கீழே பழைய கறுப்புப் பெயின்ற். கறுப்பு அதைவிட அரிதாம். யார் வெள்ளை அடித்தது என்று கேட்டார். மகளின் கலியாணத்துக்குக் கறுப்புக் காரில் பெண்ணை ஏற்றமுடியாது என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான். விலை இறங்கியது.

இவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பிள்ளையாரைப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் சொன்னவை எண்டு சொல்லுங்கோ."

"நீர்தானே சொன்னது?"

"அது இங்கிலீசில தேவையில்லை. கலியாணத்துக்குப் பெண்டுகளும்தான் பவுடர் பூசுறது. கழுவினால் பழைய நிறந்தான். எஞ்சினில கைவைக்கேல்லை எண்டும் சொல்லுங்கோ."

இந்த முறை இவர் எல்லாவற்றையும் சொன்னார். வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இறங்கிய விலையில் பாதி மறுபடி ஏறியது. கை கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் விடுமுறைக்கு ஸ்பெயின் போயிருந்த கிழமையில் லொறி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த கிழமை மெஷின் வந்தது. பிள்ளையாரை அதன் தலையில், நம்பர் இல்லாத பக்கமாகப் பார்த்து ஒட்டினேன். சத்தம் கிட்டத்தட்ட காரின் சத்தம்தான். கராஜ் கதவை நான் திறந்து வைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கராஜுக்குள் மிளகாய் வறுத்து அரைத்துக்கொண்டிருக்க, ஸ்பெயினிலிருந்து திரும்பியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு மேலால் எட்டினார். அவர் மனைவி ஜன்னலில் நின்று தும்மினாள். எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீசுச் சொல்லை வைத்து இருவருக்கும் சொன்னேன்: கார் ஸ்டார்ட் பண்ணுகிறோம், எழுபதாம் வருட எஞ்சின், அந்த வருடத்து எஞ்சினுக்கு மட்டும்தான் இந்த வாசம், நன்றாக இழுத்து மோந்து கொள்ளுங்கள், இனி எங்கேயும் கிடைக்காது.