செத்தால்தான் காசு

முதலில் அவள் உதைத்தாள். மூன்று வருஷத்தில் ஒருநாளும் காலைத் தூக்காத மாடு. அன்று காலை நான் பின்பக்கத்து இடது காம்பில் கை வைத்ததும் விட்டாளே ஒரு உதை, செம்பு போய்த் தகரத்தில் மோதி உருண்டது. "என்னடி, கொழுப்பா?" என்று திட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது?

இதை மாடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆடு, நாய் வைத்திருப்பவர்களும் படிக்கலாம். மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது, "இவ்வளவு செலவு பண்ணி இதைக் காப்பாத்தணுமா?" என்று யாரோ கேட்டு, பதில் தெரியாமல் முழித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். நிதானமாக எழுது என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய நிதானத்தின் லட்சணம் பின்னால் வரும்.

நாங்கள் பரமக்குடிப் பக்கம், பிழைக்க இந்தத் தீவுக்கு வந்தவர்கள். அவருக்கு ஃபீனிக்ஸ் பேயில் படகு பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. ஷாதிபூரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நான் ஒரு மாடு வைத்திருந்தேன். மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த மாடு என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் 'மெட்ராஸ்காரி'. அவள் பாலில்தான் என் இரண்டு பெண்களின் பள்ளிக்கூடச் செலவு ஓடியது.

பேங்க் கடனில் வாங்கிய மாடு. கடன் வேண்டுமென்றால் இன்சூரன்ஸும் எடுக்க வேண்டும் என்று காதில் ஒரு தகட்டைக் குத்திவிட்டார்கள். "மாட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க இருக்கோம்க்கா" என்றான் இன்சூரன்ஸ்காரத் தம்பி. ஏதாவது என்றால் எது என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

உதைத்த அன்று பால் திரிதிரியாக வந்தது. காம்புக்கு மேலே மடி இறுகிப்போய், கை வைக்க முடியாத சூடு. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசினேன். மத்தியானத்துக்குள் தண்ணீரைக்கூட முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வராந்தாவில் டெலானிபூர் குவாட்டர்ஸிலிருந்து ஓர் ஆபீசரம்மா, கண் வீங்கிய நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தமிழ்க்காரிதான். "மருந்தெல்லாம் வெளியிலதான் வாங்கணுமாம். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வெலை சொல்றான் கடைக்காரன்" என்று புலம்பினாள். என்னுடையது மாடு என்றதும் பெருமூச்சு விட்டாள். "உங்களுக்காவது இன்சூரன்ஸ் இருக்கு. நாய்க்கு எவன் தர்றான்?" நானும் கொஞ்சம் பெருமையாகத் தலையை ஆட்டினேன். புத்தி கெட்டவள்.

கம்பவுண்டர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தான். "டாக்டர் ஸாப் கஹாங்?" என்று கேட்டேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான், "ரங்கத் டூட்டி. கல் கா ஜஹாஜ்."

என் இந்தி, பால் ஊற்றிக் கற்ற இந்தி. வாடிக்கை வீடுகளில் காலையில் கதவைத் திறந்ததும் 'கல் கா தூத் பட் கயா' என்பார்கள். நேற்றுப் பால் திரிந்துபோச்சு என்று சண்டை. 'கல் கா பைசா' என்றால் நேற்றுக் காசு. ஆக, 'கல் கா' என்று காதில் விழுந்தாலே எனக்கு அது நேற்றுதான். நேற்றுக் கப்பலில் வேறு தீவான ரங்கத்துக்குப் போய்விட்டார், இனி ஒரு வாரம் கழித்துத்தான் வருவார் என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவன் சொன்னது நாளைக் கப்பல். நேற்றுக்கும் நாளைக்கும் அந்தப் பாஷையில் ஒரே வார்த்தை. அது எனக்குத் தெரியாததல்ல, அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை. டாக்டர் அன்று சாயங்காலம் முழுக்க டெலானிபூரில் தன் வீட்டில்தான் இருந்திருக்கிறார். நான் நடந்தே போயிருப்பேன்.

மறுநாள் காலை மடியைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் மட்டும் சில்லென்று இருந்தது. அப்பாடா, சூடு இறங்கிவிட்டது என்று மாரியாத்தாளுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன்.

எட்டு மணிக்கு இன்சூரன்ஸ்காரத் தம்பி வந்தான். நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். மாட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு முதலில் காதுத் தகட்டைத் தடவினான். "தகடு பத்திரமா இருக்கு. நல்லதுக்கா."

"தம்பி, மருந்துக்கு எப்ப காசு கெடைக்கும்?"

"வைத்தியச் செலவெல்லாம் பாலிசில வராதுக்கா."

"பின்னே என்னதான் வரும்?"

"மாடு செத்தா வரும்." குரலைத் தாழ்த்தி, இழவு வீட்டில் பேசுவதுபோலச் சொன்னான். "செத்ததும் உடனே சொல்லி அனுப்புங்க. காதைத் தகட்டோட அறுத்து எடுத்து வைக்கணும். வைத்தியம் பார்த்த சீட்டும் வேணும்க்கா, இல்லேன்னா அலட்சியம்னு எழுதிருவாங்க."

அதாவது, வைத்தியம் பார்க்க வேண்டும், என் காசில். அது பலிக்கக் கூடாது. பலிக்காமல் அவள் செத்துத் தொலைத்தால் எனக்குக் காசு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். என் மாடு இருந்தால் ஒரு சல்லிக்காசும் இல்லையாம். அவனை அங்கேயே சாணிக் கூடையால் அடித்திருப்பேன். சின்னப் பையன், யாரோ எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

அவன் போன சூட்டோடு, வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பி வந்தார். "ஏ புள்ள, டாக்டர் போயிட்டாருன்னியே? ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில நிக்கிறாரு! சாமான் ஏத்திக்கிட்டு இருக்காங்க, கப்பல் இன்னும் கெளம்பல. வா, வா!"

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, தலை கூடச் சீவாமல் ஃபீனிக்ஸ் பே போனேன். டாக்டர் மலையாளி. கப்பலுக்கு ஏறும் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டார். ஓடிப்போய் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"நேத்து வந்திருக்கலாமே அம்மா? நான் வீட்டில்தன்னே உண்டாயிருந்தேன்" என்றார்.

"இப்ப பரவாயில்லைங்க டாக்டர், சூடு இறங்கி சில்லுனு ஆயிருச்சு" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நீலமாயிட்டு உண்டோ?"

"லேசா நீலம் பாரிச்சாப்ல இருக்கு."

"அம்மா, அது கொறஞ்சதல்ல. அந்தப் பாகம் செத்துப்போச்சு." மாஸ்டைட்டிஸ் (மடிக்குள் கிருமி புகுந்து பழுக்கும் நோய்) என்றார். முற்றினால் கேங்கிரீன் (ரத்தம் ஓடாமல் சதை செத்து அழுகுவது) ஆகும் என்றார். "காம்பை விட்டேக்கு. மாட்டைக் காப்பாத்தப் பாரு. விஷம் உடம்பில் ஏறினால் ரெண்டு நாள்தான்."

உங்களுக்குச் சொல்கிறேன், தயவுசெய்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற மடி சூடாக இருந்தால் ஓடுங்கள். திடீரென்று குளிர்ந்தால் இன்னும் வேகமாக ஓடுங்கள்.

ரங்கத் மாடுகளுக்கென்று வைத்திருந்த பென்சிலினில் இரண்டு நாளைக்கானதை எடுத்துக் கொடுத்தார். கம்பவுண்டருக்கு ஒரு சீட்டு, மீதி மருந்துக்கு இன்னொரு சீட்டு. கப்பல் ஊதியது. அவர் போய்விட்டார்.

கம்பவுண்டரை வீட்டுக்கு அழைத்துவந்து ஊசி போடச் சொன்னேன். போட்டு முடித்ததும் பிடித்துக்கொண்டேன். "க்யோங் ஐஸா போலா? 'ஜாயேகா' போல்னா தா நா?" போவார் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று.

"ஹம் தோ டீக் போலா. கல் போலா. தும் ஸம்ஜா நஹி தோ ஹம் க்யா கரேகா?" சரியாகத்தான் சொன்னானாம். எனக்குப் புரியாவிட்டால் அவன் என்ன செய்வானாம். அவன் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். திட்டுவதற்குக்கூட ஒழுங்கான ஆள் அகப்படவில்லை.

மீதி மருந்துக்கு அபர்தீன் பஜார் போனேன். கடைக்காரர் சொன்ன விலையில் ஒரு மாதம் அரிசி வாங்கலாம். "போன மாசம் இதுல பாதிதானே?" என்றேன். "மெயின்லேண்ட்ல ஏறிருச்சும்மா. அதுக்கு மேல கப்பல் கூலி. இஷ்டம்னா வாங்குங்க" என்றார். மனுஷருக்கான மருந்துதான் அது, மாட்டின் உடம்புக்கு நாலு மடங்கு வேண்டும். நாங்கள் இங்கே வந்த புதிதில், நிலம் கொடுத்துக் குடியேற்றிய செட்டில்மென்ட்காரர்களுக்கு சர்க்கார் மாட்டையும் கொடுத்து மருந்தையும் கொடுத்தது. இப்போது மாட்டுக்குக் கடன், கடனுக்கு இன்சூரன்ஸ், மருந்துக்குக் கடைக்காரர். தீபாவளிக்கென்று எடுத்து வைத்திருந்ததை எண்ணாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம்தான் என் வீட்டுக்காரர் நிதானமாகப் பேசினார். கொட்டகை வாசலில் குந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏ புள்ள, கோவிச்சுக்காதே. டாக்டர் சீட்டு இருக்கு. ஊசியும் போட்டாச்சு. இதோட விட்டா யாரும் அலட்சியம்னு சொல்ல மாட்டாங்க. இன்சூரன்ஸ் வந்தா கடனும் அடையும், ஒரு கெடேரியும் பிடிக்கலாம். பொழைச்சா அரை மாடு, கடன் முழுசு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"உங்களுக்கும்தான் ஆபீஸ்ல இன்சூரன்ஸ் பிடிக்கிறாங்க. ஜுரம் வந்தா நான் எதுக்கு விடியவிடிய கஷாயம் வைக்கிறேன்? விட்டா எனக்கும் லாபம்தானே?"

மனுஷர் எழுந்து போய் வெந்நீர் அண்டாவை அடுப்பில் ஏற்றினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவரை நான் முழுசாக மன்னிக்கவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாலு நாள் அவள் எழுந்திருக்கவில்லை. கஞ்சியை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினோம். கண் குழிவிழுந்து, மூக்கு காய்ந்து வெடித்திருந்தது. செத்த மடியின் நாற்றம் என் விரலில் ஏறிவிட்டது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. அந்த வாரம் முழுக்க நான் ஸ்பூனால் சாப்பிட்டேன். பெண்கள் சிரித்தார்கள்.

என் மூத்தவளைப் பெற்றபோது எனக்கும் பால் கட்டியது. கட்டின மார்பில் புடவை பட்டாலே உயிர் போகும். அந்த வலி தெரிந்த நானே, இவளைக் கொழுப்பா என்று கேட்டேன். ஊசி போடும்போதெல்லாம் அவள் காதில் மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் தகடு இருந்தது.

ஐந்தாம் நாள் காலை, நான் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தம். திரும்பினால், அசைபோடுகிறாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "என்னங்க! அசைபோடுறா பாருங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா பயந்துபோய் ஓடிவந்தாள்.

டாக்டர் திரும்பி வந்து செத்த காம்பை அறுத்துச் சீழை வடித்தார். இரண்டு மாதம் பர்மாங்கனேட் தண்ணீரில் கழுவி, ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவினேன். அந்தப் பாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்தது. அடுத்த கன்று ஈன்ற பிறகு மூன்று காம்பில் பால் இறங்கியது.

காம்பு போனதற்காவது ஏதாவது கிடைக்குமா என்று இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். "நாலும் போனாத்தான்க்கா ஊனம்னு எழுத முடியும்" என்றான் அதே தம்பி.

கடனின் கடைசித் தவணையைக் கட்டிய மாதம், பாலிசியைப் புதுப்பிக்க அவனே வீட்டுக்கு வந்தான். காகிதத்தை விரித்தான். "மாட்டோட மதிப்பைக் கொறைச்சுத்தான்க்கா போட முடியும். ஒரு காம்பு இல்லையே."

"சரி. அப்ப பிரீமியமும் கொறையும்ல?"

"இல்லக்கா. அது இந்த வருஷம் ஏறியிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் ஒரு அளவுக்கு மேல் போனால் சிரிப்பாகத்தான் வரும்போல. "எனக்கு வேணாம் தம்பி. எடுத்துட்டுப் போ."

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. திடீர்னு மாடு செத்துட்டா உங்களுக்கு ஒரு பைசா கெடைக்காது."

"அதுக்காகத்தான்டா வேணாம்ங்கிறேன்."

அவனுக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்குப் புரிந்தது. வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். இனிமேல் அவள் செத்தால் ஆதாயம் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் கிடையாது, அவர் உட்பட. அவள் உயிரோடிருந்தால்தான் எங்களுக்குச் சோறு.

அன்று பால் கறக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், என் கைகள் வேறு கைகளாகிவிட்டன. நாலு காம்புக்குப் பழகிய கைகள், இரண்டு இரண்டாக மாற்றி இழுத்துத்தான் பழக்கம். இப்போது கடைசிக் காம்புக்கு ஒரு கை போதும். மற்ற கைக்கு வேலையில்லை. முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் கடன் தவணைக் கெடுவும், விடிகாலை ஐந்தரை மணிப் பாலும்தான் எனக்குத் தெரிந்த நேரக் கணக்கு. இப்போது அந்தச் சும்மா இருக்கும் கையை அவள் விலாவில் வைத்துக்கொள்கிறேன். மூச்சு ஏறி இறங்குகிறது. கறந்து முடிந்தும் எழுந்திருக்க மனசு வருவதில்லை. பால் லேட் என்று நாலு வீட்டில் கத்துகிறார்கள். கத்தட்டும்.