செயின் கவர் இல்லாத வண்டி

பின்சக்கரத்தைக் கையால் ஒரு சாண் உருட்டி, நிறுத்தி, செயினை விரலால் தடவி, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார் ஸ்டோர்காரர். இன்னொரு சாண் உருட்டுகிறார். மறுபடியும் முகர்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. வாசலில் வண்டி நடு ஸ்டாண்டில் நிற்கிறது. கீழே பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி, அதன்மேல் மண்ணெண்ணெய் பாட்டில், கியர் ஆயில் டப்பா, பல் துலக்கி ஓய்ந்த பிரஷ் இரண்டு. சாவி வண்டியில் இல்லை, சட்டைப்பையில் இருக்கிறது. "இன்ஜினை ஓடவிட்டுட்டு செயின்ல கை வைக்கிறவன், அப்புறம் பத்து வரைக்கும் எண்ண முடியாது" என்பார்.

தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். புது போல்ட் வேண்டுமென்றால் பழைய போல்ட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கிழிந்த கையுறையைக் காட்டினால்தான் புதுக் கையுறை. கையெழுத்துப் போட வைத்திருக்கும் பேனாவை நூலால் மேஜைக் காலில் கட்டியிருக்கிறார். "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று யாராவது கேட்டால், "உங்க மேல இருக்குப்பா, பேனா மேலதான் இல்ல" என்பார். வீட்டிலும் இதே கதைதான். மண்ணெண்ணெய் பாட்டிலிலும் கியர் ஆயில் டப்பாவிலும் மட்டம் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டிருப்பார். மனைவி அதைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை. இருபது வருடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

வண்டிக்கு வயது பதினான்கு. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் செத்து இரண்டு வருடம் ஆகிறது. சரி செய்யக் கொடுத்தால் மெக்கானிக் உள்ளேயிருக்கிற நல்ல சாமானை உருவிவிடுவான் என்று கொடுக்கவில்லை. செயினை முழுதாக மூடியிருந்த தகரக் கவரையும் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். கேட்டால், "உள்ள என்ன நடக்குதுன்னு தெரிய வேணாமா? மூடி வச்ச எடத்துலதான் எல்லாம் நடக்கும்" என்பார். ஒரு செயினுக்குள் அப்படி என்னதான் நடந்துவிடும் என்று நமக்குத் தோன்றும். அவரிடம் கேட்க முடியாது. கேட்டால், நீ ஏன் கேட்கிறாய் என்று நம்மைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார்.

ஆனால் வேலை சுத்தம். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார். அழுக்கு கறுப்பாக வழிந்து அட்டையில் சொட்டும். பழைய பனியன் துணியால் துடைத்து, காய்வதற்காகக் கால் மணி நேரம் காத்திருப்பார். அந்தக் கால் மணி நேரமும் எழுந்து போகமாட்டார். பிறகு கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில், ஒவ்வொரு கண்ணியின் மூட்டிலும் ஒரு சொட்டு கியர் ஆயில். ஒரு சொட்டு என்றால் ஒரே சொட்டு. "அதிகமா விட்டா மண்ணு வந்து ஒட்டும், பாசம் மாதிரி" என்பார். கடைசியாக, மேலே மினுங்குகிற எண்ணெயையும் துடைத்துவிடுவார்.

வார நாட்களில் அவர் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவதால் வண்டி வீட்டில்தான் நிற்கும். ஆறு வாரங்களுக்கு முன்பு செயினைக் கழுவியபோது செக்கச்செவேல் என்று மண் வந்தது. அவர் போகிற எந்தத் தெருவிலும் செம்மண் கிடையாது. அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. செயினில் ஒரு கண்ணிக்கு மட்டும் வெள்ளைப் பெயின்ட் அடித்தார். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சக்கரத்தைச் சுற்றி, பின்பல்சக்கரத்தின் நேர் அடியில் வெள்ளைக் கண்ணி வரும்படி நிறுத்திவிட்டுப் போனார். இரண்டு நாள் அசையவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் வெள்ளைக் கண்ணி மேலே ஏறியிருந்தது.

புதன்கிழமைதோறும் மத்தியானம் வீட்டுக்கு வந்துபோகிற ஆள் ஒருவர்தான். மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அக்காவைத் தவிர அவனுக்கும் வேறு யாருமில்லை, தம்பியைத் தவிர அவளுக்கும் பிறந்தவீடு என்று ஒன்றில்லை. அன்றைக்கு அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வண்டியை எடுத்தியா தம்பி?"

"இல்ல மாமா."

"வெள்ளைக் கண்ணி கீழ இருந்துச்சு. இப்ப மேல இருக்கு. வண்டி தானா எந்திரிச்சு ஊர் சுத்திட்டு வந்துச்சா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். டம்ளரில் பாதி டீ இருக்கும்போதே கீழே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மனைவியும் கேட்டதற்குப் பதில் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டாள். முன்பெல்லாம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே எதையாவது பாடுவாள், அதுவும் நின்றுபோனது. ஸ்டோர்காரருக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அன்றிலிருந்து வெள்ளைக் கண்ணி வைத்த இடத்திலேயே இருந்தது. அவன் வருவது நின்றது, கண்ணி நகர்வதும் நின்றது, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை விரலை இத்தனை தடவை முகர்கிறார். செயின் சுத்தமாக இருக்கிறது. ஒரு வாரம் கழித்து இருக்கவேண்டியதைவிடச் சுத்தம். விரலில் ஒட்டுவது கியர் ஆயில் இல்லை. தண்ணீர் மாதிரி மெல்லிய எண்ணெய். கியர் ஆயிலின் குமட்டும் வாடையே இல்லை. சக்கரத்தின் விளிம்பெல்லாம் பொடிப்பொடியாகத் தெறித்திருக்கிறது. பாட்டிலையும் டப்பாவையும் பார்த்தார். பென்சில் கோட்டிலிருந்து மயிரிழை இறங்கவில்லை. வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போய், கொண்டுவந்து விட்டு, துடைத்து, தன் சொந்த எண்ணெயும் போட்டுவிட்டுப் போகிற திருடனை இருபத்தாறு வருடத்தில் அவர் பார்த்ததில்லை.

வெள்ளைக் கண்ணிக்கு நாலு கண்ணி தள்ளி ஏதோ சிக்கியிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தார். நீல நூல், அதன் நுனியில் நகத்தளவு நீலத் துணி.

லிஃப்ட் மெக்கானிக்கின் யூனிபாரம் நீலம்.

"பார்த்தியா, இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்று முணுமுணுத்தபடி, நூலை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நடை அது.

மனைவி மெஷின் முன்னால் உட்கார்ந்து, தன்னுடைய நீலச் சுடிதார் பேண்ட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். இடது காலின் அடிப்பகுதியில் வரிசையாகப் பல்சக்கரத்தின் கறுப்புப் பல் தடம். மூன்று பல் துணியைக் கிழித்துப் போயிருந்தது. பக்கத்தில் நீண்ட மூக்குள்ள மெஷின் ஆயில் டப்பா.

அவர் நூலைப் பார்த்தார். பேண்ட்டைப் பார்த்தார். கையைக் கீழே போட்டார்.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசமா." அவள் தையலை நிறுத்தவில்லை. "தச்ச துணியெல்லாம் கடைக்குக் கொண்டு போகணும்ல. மூட்டையோட பஸ்ஸுல ஏற விடமாட்டேங்கிறாங்க. தம்பிதான் ஓட்டச் சொல்லிக்குடுத்தான். நீங்க அன்னிக்குக் கேட்டதுலேர்ந்து, வந்ததும் வெள்ளைக் கண்ணியைக் கீழ கொண்டாந்து நிறுத்திடுவேன்."

"சாவி என்கிட்டல்ல இருக்கு?"

மெஷின் டிராயரின் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது போகுது. உங்க வண்டிக்கு எதை விட்டாலும் போகும். பூட்டு தேஞ்சு போச்சு. மாத்தக் குடுத்தா மெக்கானிக் உருவிடுவான்னு நீங்கதான் குடுக்கல."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவர் மேஜைமேலிருந்த சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு அவன் சொல்லத்தான் வாயெடுத்தான். நான்தான் வேணாம்னு கண்ணைக் காட்டினேன். அவன் பழியைச் சுமந்துக்கிட்டுப் போனான். நானும் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன்." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நீங்க கேட்டதைவிட நான் பேசாம இருந்ததுதான் பெரிய தப்பு."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண் அந்தப் பல் தடத்திலேயே நின்றது. ஸ்டோரில் இப்படி ஒரு கையுறை வந்தது உண்டு. கிழிந்ததைக் காட்டிப் புதுசு வாங்க வந்தது. அதைப் போட்டிருந்தவர் வரவில்லை, வேறொருவர் கொண்டுவந்தார். கவரைக் கழற்றிப் பரணில் போட்டது யார் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"கால்ல பட்டுதா?"

"இல்ல."

"காட்டு."

காட்டினாள். குனிந்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவள் சொன்னதை நம்பிவிட்டால் அவர் ஸ்டோர்காரர் இல்லையே. கீறலே இல்லை என்று தெரிந்தபிறகுதான் நிமிர்ந்தார்.

"தம்பிக்கு போன் போடு."

"என்னன்னு சொல்லட்டும்?"

"செயின் கவர் மாட்டணும். மேல் தகடு, கீழ்த் தகடு, ரெண்டு துண்டு. ஒரு ஆள் பிடிச்சாத்தான் இன்னொரு ஆள் போல்ட் போட முடியும். தப்பா கேட்டுட்டேன்னும் சொல்லு." கடைசி வாக்கியத்தைப் பரணைப் பார்த்துச் சொன்னார்.

மச்சினன் ஒரு மணி நேரத்தில் வந்தான். பரணிலிருந்து இறக்கிய கவர் செய்தித்தாளில் சுற்றியிருந்தது. ஏழு போல்ட்டும் மருந்து பாட்டிலில், மேலே "ஏழு" என்று எழுதி இருந்தது. அவன் உட்கார்ந்து கீழ்த் தகட்டைப் பிடித்தான்.

"ஸ்பேனரை எல்லாம் எண்ணி வச்சிட்டீங்களா மாமா?"

"நீ வர்றேன்னதுமே எண்ணிட்டேன்" என்றார் அவர். உள்ளே மெஷின் நின்றது. அவள் சிரித்தது வாசல்வரை கேட்டது.

ஏழாவது போல்ட்டும் இறுகியது. இப்போது செயின் கண்ணுக்குத் தெரியவில்லை. கவரின் நடுவில், செயின் தொய்வைப் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருந்தது. ஸ்டோர்காரர் பழக்கதோஷத்தில் முழங்கால் போட்டுக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, அதன் வழியாக உள்ளே பார்த்தார். வெள்ளைக் கண்ணி தெரியவில்லை. சக்கரத்தை உருட்டினால் வந்துவிடும். கை சக்கரத்துக்குப் போய், அங்கேயே கொஞ்சநேரம் இருந்தது. பிறகு அட்டையில் கிடந்த அதன் ரப்பர் மூடியைத் தேடி எடுத்து, ஓட்டையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.