டிராலி வரும் வரை

குவைத்தில் எங்கள் அறை ஜன்னல் முழுக்கச் சமையல் அலுமினியத் தாளை ஒட்டியிருக்கிறோம், நைட் டியூட்டிக்காரர்கள் பகலில் தூங்குவதற்காக. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நடுச்சாமம். எங்கள் ஊரில் பகலில் கதவைச் சாத்திப் படுத்தால் உடம்புக்கு என்ன என்று பக்கத்து வீட்டார் வந்து கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை. கொரோனா வந்தபின் அந்த இருட்டிலும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நான் வார்டு ஆள். இறந்தவர்களைப் பையில் சுற்றிக் கட்டுவதும் என் வேலையானது. கட்டியபின் பிணவறை டிராலி வர வெகுநேரமாகும். எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம் செத்தவரைத் தனியே விடமாட்டோம். தூக்கும்வரை யாராவது கூடவே உட்கார்ந்திருப்போம். ஒருநாள் காலை டியூட்டி முடிந்து கவச உடையைக் கழற்றியும், கட்டிவைத்த ஒரு பெரியவரின் உடலை விட்டுவர மனமில்லாமல் வார்டு வாசலிலேயே நின்றேன். எகிப்துக்காரச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"ஓவர்டைம் மாஃபி." கிடையாது என்கிறார்.

"நோ மணி சார். டிராலி கம், ஐ கோ."

சட்டைப் பையையும் பேன்ட் பையையும் வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். செத்தவரின் மோதிரத்தைத் தேடியிருப்பார். ஒன்றும் இல்லை என்றதும், "கலாஸ். கோ ஸ்லீப்" என்றார், முடிந்தது, போ என்பதுபோல். விளக்கிச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, பாஷையும் இல்லை. வேலை போய்விடுமே என்று அதற்குப் பிறகு யாருக்காகவும் நிற்கவில்லை. படுத்தால், நான் விட்டுவந்த பைகள்தான் கண்ணுக்குள் கிடக்கும். தூக்கம் வராதவர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். காபியைக் குறைக்கச் சொன்னார்கள். வார்டுக்கு இன்னும் இரண்டு ஆள் போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்போதுதான் ஊரில் அப்பாவும் அதே நோயில் போனார். விமானம் இல்லை. தம்பியிடம் போனில், "கடைசியா யார்ரா கூட இருந்தது?" என்று கேட்டேன்.

"யாரையும் உள்ள வுடலண்ணா. ஆஸ்பத்திரி கேட்டாண்டயே நின்னுகினு இருந்தோம். அவங்களே சுத்திக் குடுத்துட்டாங்க."

சுற்றியவனும் என்னைப்போல் ஒருவன்தான். அவனையும் தூங்கப் போகச் சொல்லியிருப்பார்கள்.

விமானம் விட்டதும் லீவில் வந்தேன். சொந்த வீட்டில், சொந்தப் பாயிலும் தூக்கம் இல்லை. ஒரு மத்தியானம் இடுகாட்டுக்குப் போய் அப்பாவின் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போது சாய்ந்தேன் என்று தெரியாது. மனைவி தேடிக்கொண்டு வந்து தோளை உலுக்கினாள்.

"வூடு இருக்க சொல்ல இங்க வந்து இன்னா தூக்கம்? எழுந்திரிங்க."

கண்ணைத் திறக்காமலே, "டிராலி கம்?" என்றேன்.

"யாரு வரணும்ங்க?" என்றாள்.

ஒரு கை அப்பாவின் மண்மேல் இருந்தது. இன்னொரு கை முகத்தில் மாஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தது.