சந்தனம் பூசிய வளையம்

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் கழித்துவிட்ட டிரெய்லர் ஒன்று தாராவியில் எங்கள் லாரிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. பக்கப் பலகை கிடையாது, வெறும் தட்டு. இரண்டு ஓரத்திலும் நான்கு நான்காக இரும்பு வளையங்கள். பாரத்தை ஏற்றி, சங்கிலியை அந்த வளையங்களில்தான் மாட்டி இறுக்குவோம். எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்லது; சத்தம் அமுங்கினால் அடியில் வெல்டிங் விட்டிருக்கிறது. எட்டையும் தட்டாமல் வண்டியை வெளியே விடமாட்டேன். அவசரப்படுத்துகிறவனை வாய்க்கு வந்தபடி ஏசுவேன். ‘சுத்தியல் அண்ணாச்சி’ என்றுதான் கொட்டகையில் எனக்குப் பேர்.

பாரத்தோடு தட்டில் உட்கார்ந்து போகிறவர் என் தங்கை புருஷன். வழியில் சங்கிலி தளர்ந்தால் இறுக்குவது அவர் பொறுப்பு. சாதுவான மனுஷன். என் வாய்க்கு ஈடுகொடுத்தது அவர் ஒருவர்தான், அதுவும் சிரித்தே.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு அவர்தான் எட்டு வளையத்துக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். பூசை வைத்த இரும்பைச் சந்தனம் உதிரும்வரை அடிப்பதில்லை. கொட்டகையில் திருநெல்வேலிக்காரர்கள் நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம் அது. அதற்காகவே இரண்டு நாள் வண்டி எடுக்க மாட்டோம். அந்தத் தடவை, மறுநாள் காலையிலேயே விக்ரோலிக்கு ஒரு பாய்லர் போயாக வேண்டும் என்று முதலாளி வந்து நின்றுவிட்டார்.

சுத்தியலோடு போனேன். பொட்டு வைத்த வளையத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. பெரிய பக்தி வேண்டிக் கிடந்தது எனக்கு! ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஏறுவதற்கு முன் மாப்பிள்ளை கேட்டார்.

“அடிச்சுப் பாத்தியளா மச்சான்?”

“பாத்தாச்சு மாப்ள, ஏறும்.”

சயான் மேட்டில் பின்பக்கத்து வளையம் ஒன்று பிய்த்துக்கொண்டது. பாய்லர் உருண்டுவிட்டது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது யாரோ அவரைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். வளையம் ரோட்டோரம் கிடந்தது. எடுத்துச் சந்தனத்தை விரலால் துடைத்தேன். வெல்டிங் பாதிவரை விட்டு, விரிசலுக்குள் துரு ஏறியிருந்தது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கருமாதி முடிந்த அன்று தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

“அண்ணே, எட்டையும் அடிச்சுப் பாத்தியளா?”

“பாத்தேன் தாயி.”

அப்படியானால் அது அவர் விதி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. வளையத்தை அடிக்காததற்காவது சாமி மேல் பழியைப் போடலாம். இந்தப் பொய்யை யார் மேல் போடுவேன்?

எனக்குக் கல்யாணம் காட்சி ஒன்றும் ஆகவில்லை. அவள் வீட்டில்தான் எனக்கு இத்தனை வருஷமாகச் சாப்பாடு. யாராவது அந்த விபத்தைப் பற்றிப் பேச்செடுத்து என்னை ஒரு வார்த்தை சொன்னால் போதும், “எங்க அண்ணன் அடிச்சுப் பாக்காம வண்டிய விடமாட்டாக” என்று சண்டைக்குப் போய்விடுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு அவள் போட்ட சோற்றைச் சாப்பிடுவேன்.